யார் கையில் ஸ்க்ரூ டிரைவர்? – ரோபோ குழுவில் பொறுப்புகளைப் பகிர்தல்

அடல் டிங்கரிங் ஆய்வகமோ, வேறு ஏதாவது வழியில் வந்துசேர்ந்த ஒரு ரோபோ பெட்டியோ உள்ள பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் பார்க்கலாம். மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒருவன் மடிக்கணினி முன் உட்கார்ந்திருப்பான். இன்னொருவன் கையில் ஸ்க்ரூ டிரைவர். மூன்றாமவன் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பான். மாணவிகள் இருவர் இருந்தால் ஒருத்தி நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். மற்றவள் சார்ட்டில் தலைப்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள். கண்காட்சி நாளில் ரோபோ ஓடும். பரிசும் கிடைக்கலாம். ஐந்து பேரும் ரோபோட்டிக்ஸ் கற்றார்கள் என்று நாமும் பதிவேட்டில் எழுதுவோம்.

முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் குழு அமைத்தேன். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுப்பவன் நிரல் எழுதட்டும், கையெழுத்து அழகாக உள்ளவள் அறிக்கை எழுதட்டும், வாய்ச்சாலகம் உள்ளவன் விளக்கம் சொல்லட்டும் என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துக்கொடுத்தேன். வேலையும் வேகமாகத்தான் நடந்தது. கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு நிரல் எழுதியவனுக்குக் காய்ச்சல். மற்ற நால்வரில் ஒருவருக்கும் எந்தக் கோப்பைத் திறப்பது என்றுகூடத் தெரியவில்லை. தவறு அவர்களுடையது அல்ல, நான் பிரித்துக்கொடுத்த விதத்தில் இருந்தது என்று புரிய எனக்குச் சில நாள் ஆயிற்று.

குழுவில் யார் எந்தப் பொறுப்பை ஏற்பது, அதை எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு உலகில் அதிகம் பேசப்பட்ட பள்ளி ரோபோ குழு ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரின் மேற்குப் பகுதியில் கார்ல் ஹேடன் உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து குடிபெயர்ந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் படிக்கும் அரசுப் பள்ளி. அங்கே கணினி ஆசிரியர் ஆலன் கேமரனும் கடல் அறிவியல் ஆசிரியர் ஃப்ரெடி லஜ்வார்டியும் சேர்ந்து நீருக்கடியில் இயங்கும் ரோபோ செய்யும் குழு ஒன்றை அமைத்தனர். சேர்ந்தவர்கள் நான்கு மாணவர்கள்: ஆஸ்கர் வாஸ்கெஸ், கிறிஸ்டியன் ஆர்செகா, லொரென்ஸோ சாந்தில்யான், லூயிஸ் அராண்டா. 2004 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நடந்த நீரடி ரோபோ போட்டிக்கு இவர்கள் போனார்கள். பள்ளிகளுக்கான பிரிவு தனியே இருந்தும் கல்லூரிகளுக்கான பிரிவில் பெயர் கொடுத்தார்கள். மற்றப் பள்ளிகளிடம் தோற்றால் பிள்ளைகள் மனம் சோர்வார்கள், எம்.ஐ.டி. போன்ற நிறுவனத்திடம் தோற்றால் யாருக்கும் வெட்கமில்லை என்பது ஆசிரியர்களின் கணக்கு.

எம்.ஐ.டி. குழுவில் பன்னிரண்டு பேர். எல்லோரும் பொறியியல், கணினி அறிவியல் மாணவர்கள். செலவுக்கு எண்ணெய் நிறுவனத்தின் நன்கொடையும் சேர்த்துச் சுமார் 11,000 டாலர். நம் நால்வரிடம் இருந்தது சுமார் 800 டாலர். வீடுகளில் தண்ணீர்க் குழாய் பதிக்கிறோமே, அதே பிவிசி குழாய்களை வெட்டி ஒட்டி உடற்சட்டம் செய்தார்கள். ஒட்டும் பசையின் நாற்றத்தால் ரோபோவுக்கு ‘ஸ்டிங்கி’ – நாற்றக்காரன் – என்று பெயர் வைத்தார்கள்.

பொறுப்புகள் எப்படிப் பிரிந்தன? ஆஸ்கர் பள்ளியின் படைப்பயிற்சிப் பிரிவில் இருந்தவர். நம் ஊர் என்.சி.சி. போல. நேரம், ஒழுங்கு, ஆளுக்கு ஆள் ஒருங்கிணைப்பு அவருக்குக் கைவந்தது. தலைமை அவரிடம் போனது. கிறிஸ்டியன் படிப்பில் முன்னணி. இயற்பியலும் கணக்கும் அவர் பக்கம். லூயிஸ் நல்ல உடல்வலுவும் அமைதியும் உள்ளவர். எடை மிக்க ரோபோவைத் தூக்கி நீரில் இறக்குவது, நீரில் அது போகும் போக்கில் கேபிளைச் சிக்கலில்லாமல் விட்டுக்கொடுப்பது அவர் வேலை. இதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். நீரடி ரோபோவின் கேபிள் சுற்றிக்கொண்டால் அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது.

லொரென்ஸோவைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். வகுப்பில் நல்ல பெயர் இல்லாதவர். நம் பள்ளியில் இருந்திருந்தால் ரோபோ குழுவுக்குப் பெயர் கேட்கும்போது எந்த ஆசிரியரும் முதலில் சொல்லாத பெயர். ஆனால் கார் பழுதுபார்க்கும் இடத்தில் நின்று பழகியவர். பொருள்களை அவை எதற்காகச் செய்யப்பட்டனவோ அதற்கு அப்பால் பார்க்கத் தெரிந்தவர். மூழ்கிய பீப்பாயிலிருந்து திரவ மாதிரி எடுக்க வேண்டும் என்பது போட்டியின் பணிகளில் ஒன்று. சிறு பம்பு ஒன்றும் பலூன் ஒன்றும் வைத்து அதைத் தீர்த்தார்கள். இத்தகைய எளிய தீர்வுகளுக்கு அவரைப் போன்ற ஒருவர் குழுவில் வேண்டும்.

போட்டிக்கு முந்தைய சோதனையில் மின்சுற்றுகள் இருந்த நீர்புகாப் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. புதுப்பெட்டி வாங்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. கசியும் நீரை உறிஞ்ச ஏதாவது வைத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். குறைந்த இடத்தில் அதிக நீரை உறிஞ்சும் பொருள் எது? மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் டாம்பான். லொரென்ஸோ கடைக்குப் போய், கூச்சத்தை விட்டு, அங்கே இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்கி வந்தார். பெட்டி தாக்குப்பிடித்தது. (இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லலாமா என்று சில ஆசிரியர்கள் தயங்குவார்கள். எட்டாம் வகுப்புக்குச் சொல்லிப் பார்த்தேன். முதலில் ஒரு சிரிப்பு. பிறகு ஒரு மாணவி எழுந்து நாப்கினில் உள்ள உறிஞ்சும் பொருள் என்ன என்று கேட்டாள். பாடம் அங்கிருந்து நன்றாகவே போனது.)

நீருக்கடியில் செய்யும் பணிகளில் அவர்கள் மூன்றாம் இடம்தான் பிடித்தார்கள். பதினொரு குழுக்களில் எம்.ஐ.டி.யும் வட கரோலினாவின் ஒரு சமுதாயக் கல்லூரியும் முன்னால் இருந்தன. மொத்தத்தில் முதலிடம் கிடைத்தது வேறு இடத்தில்: தொழில்நுட்ப அறிக்கையிலும் நடுவர் குழுவின் நேர்காணலிலும். கடற்படை, நாசா போன்ற இடங்களிலிருந்து வந்த பொறியாளர்கள் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். லேசர் தூரமானி காற்றுக்காகச் செய்யப்பட்டது, நீரில் அளவு தவறுமே என்று கேட்டபோது, ஒளிவிலகல் எண்ணைக் கொண்டு சுமார் 30 சதவீதம் திருத்திக்கொண்டோம் என்று பதில் வந்தது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று நாம் உயர்நிலை வகுப்பில் அட்டவணையில் எழுதிப்போடுகிறோமே, அதுதான். நீரில் ஒளி மெதுவாகச் செல்வதால் கருவி உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். அட்டவணையில் இருந்த எண் அங்கே ரோபோவுக்குள் போய்விட்டது.

நேர்காணலுக்கு அவர்கள் பவர்பாயிண்ட் எதுவும் கொண்டுபோகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, என்ன சொல்வதென்று தெரியாதவர்களுக்குத்தான் அது தேவை என்ற பொருளில் கிறிஸ்டியன் பதில் சொன்னார். பதினாறு வயதுப் பையனின் துடுக்கு என்று இதை விட்டுவிடலாம். ஆனால் நால்வரும் ரோபோவின் ஒவ்வொரு பகுதியையும் பேசத் தெரிந்தவர்களாக இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. கேள்விகள் இயற்பியல் தெரிந்த ஒருவரிடம் மட்டும் போகவில்லை. பொறுப்பு பிரிந்திருந்தது, அறிவு பிரிந்திருக்கவில்லை. என் முதல் ஆண்டுக் குழுவில் இது தலைகீழாக இருந்தது.

இந்தக் கதையைச் சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். அதன் பின்பகுதி அவ்வளவு இனிப்பானது அல்ல. நால்வரும் உரிய ஆவணம் இல்லாமல் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்டியன் மாநிலச் சட்டம் மாறிக் கல்லூரிக் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போனதால் படிப்பை நிறுத்தினார். லொரென்ஸோவும் லூயிஸும் சமையல் தொழிலுக்குப் போனார்கள். ஆஸ்கர் பொறியியல் பட்டம் பெற்ற பிறகும் மெக்சிகோவுக்குத் திரும்பிப் போய்க் காத்திருந்து, பின்னர்தான் சட்டப்படி உள்ளே வர முடிந்தது. எம்.ஐ.டி.யை வென்றதால் வாழ்க்கை மாறிவிடும் என்று நம் மாணவர்களிடம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. கேமரனும் லஜ்வார்டியும் குழுவை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே பள்ளியின் குழு 2008இல் அமெரிக்காவின் ‘ஃபர்ஸ்ட்’ ரோபோ போட்டியில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் விருதைப் பெற்றது. அந்த விருது ரோபோவுக்கானது அல்ல, குழு செயல்படும் முறைக்கானது.

இந்தப் போட்டிகளின் விதிகளைப் பார்த்தாலே பொறுப்புகளைப் பற்றிய ஒரு பார்வை தெரியும். ‘ஃபர்ஸ்ட் லெகோ லீக்’ குழுவில் பத்துப் பேர் வரை இருக்கலாம். ஆனால் இரண்டரை நிமிட ஆட்டத்தில் மேசையருகே ஒரு நேரத்தில் சிலர்தான் நிற்கலாம். நடுவில் ஆள் மாற்றிக்கொள்ளலாம். ரோபோ வாங்கும் புள்ளிகளோடு வடிவமைப்பு, ஆய்வுத் திட்டம், குழுவாகச் செயல்படும் பண்பு ஆகியவற்றையும் நடுவர்கள் தனியறையில் கேட்டு மதிப்பிடுவார்கள். உலக ரோபோ ஒலிம்பியாடில் குழுவுக்கு இரண்டு அல்லது மூன்று மாணவர்கள் மட்டுமே. போட்டி நடக்கும்போது பயிற்சியாளர் ரோபோவைத் தொடக் கூடாது. நமக்கு இந்தக் கடைசி விதிதான் கடினம். பிள்ளைகள் தவறான வயரை எடுக்கும்போது நம் கை தானாக நீண்டுவிடும்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். கோட்டைப் பின்தொடரும் ரோபோவை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைப் பரப்பில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் தடம் தயார். ஒரு அர்டுயினோ பலகை, இரண்டு மோட்டார், ஒரு மோட்டார் டிரைவர், இரண்டு அகச்சிவப்பு சென்சார், பேட்டரி. கறுப்பு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும். இடப்பக்கச் சென்சார் கறுப்பைக் கண்டால் ரோபோ இடப்பக்கம் திரும்ப வேண்டும். அறிவியல் இவ்வளவுதான். வாரம் ஒரு பாடவேளை வீதம் ஆறு வாரத்தில் முடிக்கலாம்.

நான்கு பேர் கொண்ட குழு போதும். ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுகிறார். நான்கு பொறுப்புகள்: உடற்சட்டமும் சக்கரமும் பூட்டுபவர், மின் இணைப்பு தருபவர், நிரல் எழுதுபவர், சோதித்துப் பதிவு செய்பவர். முதல் நான்கு வாரமும் வாரத்துக்கு ஒரு முறை பொறுப்பு மாறும். ஐந்தாம் வாரம் அவரவர் விரும்பும் பொறுப்பைக் கேட்பேன். பெரும்பாலும் நான் ஊகித்ததற்கு மாறாகவே கேட்பார்கள். அப்பாவின் சைக்கிள் கடையில் நின்று பழகிய மாணவன் சட்டம் பூட்டத்தான் கேட்பான் என்று நினைத்தேன். அவன் நிரல் கேட்டான். “சைக்கிள் எனக்குத் தெரியுமே சார், இதுதான் தெரியாது” என்றான்.

நிரல் எழுதும் இடத்தில் ஒரு சின்ன ஏற்பாடு உதவுகிறது. விசைப்பலகையில் ஒருவர் கை வைப்பார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன தட்டுவது என்று சொல்வார். தெரிந்தவர் சொல்ல வேண்டும், தெரியாதவர் தட்ட வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் இருவர் சேர்ந்து நிரல் எழுதும் முறையும் இதுதான். வகுப்பில் முதல் மாணவன் இதை வெறுப்பான். தானே தட்டினால் பத்து மடங்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்பான். முடியும்தான். அவன் வாயால் விளக்கிச் சொல்லும்போதுதான் அவனுக்கே எங்கே புரியவில்லை என்பது தெரிகிறது.

நான்கில் யாரும் விரும்பிக் கேட்காத பொறுப்பு சோதனையும் பதிவும். நோட்டு எழுதுவது தண்டனை போலப் பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது. அதனால்தான் அது எப்போதும் ஒரு மாணவியின் மடியில் வந்து விழுகிறது. இந்தப் பொறுப்புக்கு உயிர் வருவது சோதிப்பவர் கையில் மல்டிமீட்டரையும் அளவுநாடாவையும் கொடுக்கும்போதுதான். ஓர் எடுத்துக்காட்டு. ரோபோவைக் கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் நன்றாகச் சுழல்கிறது. தரையில் வைத்தால் நகரவில்லை, அல்லது நகரத் தொடங்கியதும் பலகை அணைந்து மறுபடி எரிகிறது. நிரல்காரன் நிரலைத் திருத்துவான். சட்டம் பூட்டியவள் சக்கரத்தைக் கழற்றுவாள். இரண்டு பாடவேளை போய்விடும். சோதிப்பவர் பேட்டரியின் மின்னழுத்தத்தை இருமுறை அளந்தால் போதும்: ரோபோ சும்மா நிற்கும்போது ஒருமுறை, தரையில் இழுக்கும்போது ஒருமுறை. சதுரமான 9 வோல்ட் பேட்டரி என்றால் இரண்டாம் அளவு சட்டென்று இறங்கியிருக்கும். அந்தப் பேட்டரியால் மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தைத் தர முடியாது. அதன் அக மின்தடை அதிகம். பரவலாகப் பயன்படும் எல்298என் என்ற மோட்டார் டிரைவரும் தன் பங்குக்கு இரண்டு வோல்ட் அளவு விழுங்கிவிடும். ஆக, குற்றம் நிரலிலும் இல்லை, சக்கரத்திலும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் நோட்டு எழுதியவர். அன்றிலிருந்து அந்தப் பொறுப்புக்குப் போட்டி வந்துவிட்டது.

இன்னொன்று. காலையில் கோட்டிலேயே ஓடிய ரோபோ மதியம் தடம் புரண்டது. இணைப்பு மாறவில்லை, நிரல் மாறவில்லை. பதிவேட்டில் நேரத்தையும் மேசையின் இடத்தையும் எழுதியிருந்ததால் புரிந்தது: மதியம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தடத்தின் மேல் விழுகிறது. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையும் குழம்பிவிடுகிறது. சென்சாரில் உள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்தோம், பிறகு தடத்தையே நிழலுக்கு நகர்த்தினோம்.

தலைவர் என்று ஐந்தாவதாக ஒருவரை நான் வைப்பதில்லை. அந்த வாரம் சோதிப்பவரே நேரத்தையும் பொருள்களையும் கவனிப்பார். எத்தனை திருகு வந்தது, எத்தனை பெட்டிக்குத் திரும்பியது என்று எண்ணி வைப்பார். வகுப்புத் தலைவரைக் குழுத் தலைவராக்கினால் அவர் பெயர் எழுதிக் கொடுக்கும் வேலையை இங்கேயும் தொடங்கிவிடுவார்.

மாணவிகள் விஷயத்தில் சுழற்சி மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியலில் மாணவி ‘மின் இணைப்பு’ என்று இருக்கும். பக்கத்தில் உள்ளவன் “நீ பிடி, நான் போடுறேன்” என்று வயரை வாங்கிவிடுவான். அவனுக்கு அது உதவி. அவளும் கொடுத்துவிடுவாள். இதற்கு ஒரே விதி வைத்தேன்: அடுத்தவர் பொறுப்பில் உள்ள பொருளை வாயால் மட்டும்தான் தொடலாம். முதல் வாரம் ஒரே கூச்சல். மூன்றாம் வாரம் பற்றவைப்புக் கம்பியைக் கையில் வாங்கத் தயங்கிய மாணவி, அதே கம்பியால் மற்றக் குழுவின் அறுந்த இணைப்பைச் சரிசெய்து கொடுத்தாள். (பற்றவைக்கும்போது ஆசிரியர் அருகில் நிற்பதும், கண்ணாடி அணிவிப்பதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும் யார் பொறுப்பிலும் விட முடியாதவை; அவை நம்முடையவை.)

போட்டி நெருங்கும்போது சுழற்சியை நிறுத்திவிட வேண்டும் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சரிதான். கடைசி இரண்டு வாரம் யாருக்கு எது நன்றாக வருகிறதோ அதை அவர் செய்யட்டும். ஆஸ்கரும் லூயிஸும் நீச்சல்குளத்தின் கரையில் இடம் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் முதன்முதலாகப் பெட்டியைத் திறக்கும் நாளிலேயே இவன் நிரல்காரன், இவள் எழுத்துக்காரி என்று நாம் முத்திரை குத்துவது வேறு விஷயம். அந்த முத்திரை பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும். மேல்நிலையில் எந்தப் பிரிவு எடுப்பது என்ற முடிவிலும் வந்து நிற்கும்.

மதிப்பிடுவதற்கு நான் செய்வது எளிது. ஆறாம் வாரம் ரோபோ ஓடி முடிந்ததும் கடைசியாக அவர் ஏற்ற பொறுப்பைப் பற்றி ஒருவரிடமும் கேட்பதில்லை. நிரல் எழுதியவரிடம், இந்த மோட்டாரின் வயர்களை மாற்றிச் செருகினால் என்ன ஆகும் என்பேன். சட்டம் பூட்டியவரிடம், நிரலில் ரோபோ இடப்பக்கம் திரும்பும் இடத்தைக் காட்டச் சொல்வேன். இணைப்பு தந்தவரிடம், சென்சாரைத் தரையிலிருந்து இன்னும் உயர்த்தினால் கோடு தெரியுமா என்று கேட்பேன். சோதித்தவர் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். பதில் தெரியாவிட்டால் மதிப்பெண் குறைவது அவருக்கு அல்ல, குழுவுக்கு. அடுத்த பாடவேளையில் மறுபடி கேட்பேன் என்று சொல்லி அனுப்பினால், மதிய உணவு இடைவேளையில் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கலாம்.

நாற்பது பேர், இரண்டு பெட்டி என்ற நிலைதான் பல பள்ளிகளில். அப்போது பெட்டி உள்ள இரண்டு குழுவைத் தவிர மற்றவர்களும் இதே நான்கு பொறுப்புகளோடு பெட்டி தேவைப்படாத வேலையைச் செய்யலாம்: அட்டையும் ஐஸ் குச்சியும் கொண்டு உடற்சட்டம் செய்தல், ஹைடெக் ஆய்வகக் கணினியில் ஸ்கிராட்ச் கொண்டு கோட்டைப் பின்தொடரும் பொம்மையை நகர்த்துதல், பழைய பொம்மை மோட்டாரையும் சுவிட்சையும் வைத்து இணைப்புப் பழகுதல். அடுத்த வாரம் பெட்டி கைமாறும்போது அவர்கள் வெறும் கையோடு வர மாட்டார்கள்.

பதிவேட்டை ஆண்டு முடிவில் எடுத்துவைத்து அடுத்த ஆண்டுக் குழுவிடம் கொடுக்கிறேன். இந்த ஆண்டு வந்த மாணவர்களுக்குக் கிடைத்த நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி இருந்தது: “சதுர பேட்டரி வேண்டாம். மதியம் என்றால் முதலில் ஜன்னலை மூடவும்.”